ஒன்பது மடிப்புக் குப்பையப்பன்

உங்கள் மூக்குக் கண்ணாடியில் இடது காதில் மாட்டுகிற கம்பி ஆடுகிறது. நேற்று என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை அதை மேலே தள்ளிவிட்டீர்கள். தயவுசெய்து பசை வைத்து ஒட்டிவிடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு கடைக்கு வந்து எங்கள் உயிரை வாங்குகிறார்கள். ஒரு சின்னத் திருகை அரைச் சுற்று முறுக்கினால் போதும்.

இருபது வருடமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கீல் மாட்டுகிறேன். எது மடங்கும், எது மடங்காது, எது எத்தனை நாள் தாங்கும் என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏன் செய்தீர்கள் என்பதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று கோடு போட்ட தாளைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதைக் குப்பையப்பனிலிருந்துதான் தொடங்க முடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிகள் எழுந்து நின்று ராட்சத ரோபோவாக மாறிச் சண்டை போடுகிற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியிருப்பீர்கள். அந்த வரிசையில் மூன்றாவது படத்தில் ஒரு குப்பை லாரி வரும். எதிரியைத் தூக்கிப் பின்பக்கம் போட்டு நசுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தெருமுனையில் போய் நிற்கும். படத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் குப்பையப்பன் என்போம்.

நாங்கள் என்றால் மடக்கர் மன்றம். இந்த ரோபோ பொம்மைகளை வாங்கி, மடக்கி, பிரித்து, அவற்றின் நல்லது கெட்டதை இணையத்தில் பேசுகிற ஆட்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, பலருக்குக் குடும்பமும் இருக்கிறது. நம்ப முடியாது, ஆனால் இருக்கிறது.

குப்பையப்பன் பொம்மை இரண்டு விதமாக வந்தது. ஒன்று நாற்பத்தொரு மடிப்பு. அதாவது லாரியை ரோபோவாக்க நாற்பத்தொரு முறை எதையாவது இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், செருக வேண்டும். அரிசி அளவு முளைகள், அப்பளம்போல் மெல்லிய கதவுகள். எல்லாம் முடிந்தால் படத்தில் வருவது போலவே, விரல்களும் புருவமும் வைத்து ஒரு ரோபோ நிற்கும். அதன் நெஞ்சில் லாரியின் முன்கண்ணாடி பளபளக்கும். அது லாரியின் கண்ணாடியே கிடையாது. நிஜக் கண்ணாடி முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். நெஞ்சில் இருப்பது அழகுக்காகத் தனியாக வைத்த போலி. அந்தப் போலி நெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்று ஒன்பது மடிப்பு. லாரி எழுந்து நிற்கும், கை விரியும், தலை வரும், முடிந்தது. நெஞ்சில் இருப்பது நிஜக் கண்ணாடி. கால்கள் பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். குப்பை அள்ளுகிற பெட்டி முழுவதும் முதுகில் தொங்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேர்மையான பொம்மை. குழந்தையின் கைக்காக யோசித்துச் செய்தது.

பதினான்கு வருடமாக நான் ஒன்பது மடிப்பின் பக்கம். எதிர்ப்பக்கம் ஒரு பல் டாக்டர். மன்றத்தில் அவரைப் பல்லு என்பார்கள். மரியாதையாகத்தான். மனிதர் பேச ஆரம்பித்தால் மயக்க ஊசி போட்டதுபோல் எல்லோரும் வாய் திறந்து கேட்பார்கள். "சாரோட குப்பையப்பன் நிக்கல. குப்பைத் தொட்டியில சாஞ்சு தூங்குது" என்று ஒரு முறை எழுதினார். அதற்கு இருநூற்றுப் பத்து பேர் சிரித்தார்கள். "உங்களோடது பொம்மை இல்ல டாக்டர், பல்செட்டு. ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும்" என்று நான் எழுதினேன். நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் பல்லு. அவர் சிரித்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

சென்ற வருடம், படம் வந்து பதினைந்து வருடம் ஆகிறது என்று, பொம்மையை விநியோகிக்கும் நிறுவனம் மன்றத்துக்குக் கடிதம் போட்டது. குப்பையப்பனை மறுபடி கொண்டுவரப் போகிறோம், இரண்டில் ஒன்றுதான் முடியும், நீங்களே விவாதம் வைத்து, வாக்கெடுத்துச் சொல்லுங்கள் என்றது. விவாதத்துக்கு மூன்றரை மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் மிளகு ஊஞ்சலிலிருந்து விழுந்தாள்.

மிளகு என் அக்கா மகள். எட்டு வயது. சின்னதாக இருந்துகொண்டு சுள்ளென்று உறைப்பாள் என்பதால் அந்தப் பெயர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா அதே கட்டடத்தில் நாலாவது மாடி, நான் இரண்டாவது. அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அக்காவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற பிரிவில் மேற்பார்வை. மதியம் ஒரு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருவாள். எனக்குக் கடையில் அரை நாள். அதனால் பள்ளி விட்டதும் மிளகு என் வீட்டுக்குத்தான் வருவாள். கை கால் கழுவுவது, வீட்டுப்பாடம், சாப்பாடு எல்லாம் என்னோடுதான். நான் நல்ல மாமா. இதை அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இப்போது கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும், அது வேறு விஷயம்.

வலது மணிக்கட்டிலும், மோதிர விரல், சுண்டு விரல் இரண்டுக்கும் கீழே உள்ளங்கையிலும் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று கை மெலிந்து, வெளுத்து, விரல்கள் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மடங்கவில்லை. எலும்பு டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று பிசியோவிடம் அனுப்பினார்.

பிசியோ சின்னப் பெண், ஆனால் கறார். களிமண்ணைப் பிசைய வேண்டும், ரப்பர் வளையத்தை விரலால் விரிக்க வேண்டும், கடைசியில் மடங்காத விரல்களை இன்னொருவர் பிடித்து, வலிக்கிற இடம்வரை அழுத்தி மடக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை. தூங்கும்போது மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் கையை வைத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறை பயிற்சி முடிந்ததும் ஒரு சார்ட்டில் டிக் அடிக்க வேண்டும். அக்கா வேலைக்கு லீவு போட முடியாது என்பதால் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். நீங்கள் எப்படியும் அவரிடம் கேட்டிருப்பீர்கள்.

"சார், இந்த மூணு மாசம்தான் கணக்கு. இப்ப விட்டா மூட்டு அப்படியே இறுகிடும். அப்புறம் யார் நினைச்சாலும் முழுசா வராது. குழந்தை அழும். அழுதாலும் விட்டுடாதீங்க."

நான் விடவில்லை. முதல் மூன்று வாரம் ஒரு வேளை தவறவில்லை. அவள் அழுதாள், நான் அழுத்தினேன். அந்த மூன்று வாரத்தில் சார்ட்டில் இருக்கிற டிக் எல்லாம் நிஜம். இதை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரக் கடைசியில் ஒரு வீடியோ எடுத்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மேஜையில் இரண்டு குப்பையப்பனையும் வைத்தேன். மெலிந்த கையோடு மிளகு உட்கார்ந்தாள். ஒன்பது மடிப்பை நாலு நிமிடத்தில் மாற்றினாள். நாற்பத்தொன்றில் ஆறாவது மடிப்பிலேயே ஒரு கதவு கழன்று விழுந்தது. அவள் கேமராவைப் பார்த்து, "எனக்கு வரல" என்றாள். அவ்வளவுதான் வீடியோ. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே ஒரே ஒரு வரி எழுதினேன்: பொம்மை யாருக்கு?

மன்றம் ஆடிப்போய்விட்டது. புருவம் இல்லாத ரோபோவை ரோபோவாகவே மதிக்காத ஆட்கள் எல்லாம் கண் கலங்கியதாக எழுதினார்கள். மறுநாள் காலை பல்லு எழுதினார்: "சார், பதினாலு வருஷமா நான் பாக்காத ஒண்ணை அந்தக் கை காட்டிடுச்சு. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு."

இந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடையில் திருகு மாட்டும்போது போனைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை. நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பிடித்துக்கொண்டார், விட மாட்டேன் என்கிறார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தால் மேஜை மேல் நாற்பத்தொரு மடிப்புக் குப்பையப்பன் நிமிர்ந்து நிற்கிறது. போலி நெஞ்சு, புருவம், எல்லாம் சரியாக. பக்கத்தில் மிளகு. நெற்றியெல்லாம் வேர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நானே மாத்திட்டேன் மாமா. ஒரு மணி நேரம் ஆச்சு. கதவு கழண்டுச்சு, நானே மாட்டிட்டேன்."

"யார் உதவி பண்ணா?"

"யாருமில்ல. சுண்டு விரலாலயே அந்தக் குட்டி முளையை அமுக்கினேன், பாரு." மடக்கிக் காட்டினாள். முக்கால்வாசி மடங்கியது. பிறகு, கேட்காமலேயே, தீர்ப்புச் சொன்னாள்: "இதுதான் மாமா நல்லா இருக்கு. இது நிஜமாவே மாறுது. உன்னோடது சும்மா படுத்து எழுந்திருக்குது."

அவளை நான் கோபிக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு வடிவமைப்பைப் பற்றி என்ன தெரியும். பளபளப்பைப் பார்த்து மயங்குகிற வயது. ஆனால் விவாதத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. அந்த விவாதத்துக்கு அவளை நேரில் கூட்டிவருவதாக நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இப்போது இவள் மேடையேறி, சுண்டு விரலால் முளையை அமுக்கி, முகம் முழுக்கச் சிரித்தால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவளே களிமண்ணை எடுத்து வந்தாள்.

"ஆரம்பிக்கலாமா மாமா?"

"நேத்து ரொம்ப வேலை குடுத்துட்ட இல்ல? வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்போ இன்னிக்கு வேண்டாம்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்குத் திடீரென்று லீவு விட்டதுபோல் இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து கேரம் ஆடினோம், அவள் இடது கையால். போவதற்கு முன் சார்ட்டில் மூன்று டிக் போட்டேன்.

அவள் கையைக் கெடுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்ச நாள் அது அங்கேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். விவாதம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து முழுமூச்சாகப் பயிற்சி. அதற்கு ஒரு அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் என் மேஜையிலிருந்து எடுத்த காகிதங்களில் அது இருக்கும். பார்த்தால் என் மனசு புரியும்.

ஆனால் குழந்தையின் உடம்பு தானாகவே சரியாகிவிடப் பார்க்கிறது. அதுதான் தொல்லை. டிவி பார்க்கும்போது தலையணையைப் பிசைவாள். குழாயைத் திருகுவாள். அதனால் தூங்கும்போது போட வேண்டிய தாங்கியை என் வீட்டுக்குள் வந்ததுமே போட்டுவிட்டேன். "இது போட்டா வலிக்காது" என்றேன். அது உண்மை. பிறகு பள்ளிக்கும் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். கையில் தாங்கி இருக்கும் குழந்தையை எந்த டீச்சர் கேள்வி கேட்பார்? நாற்பத்தொரு மடிப்பு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிப் பரண் மேல் வைத்தேன். களிமண் டப்பாவை எங்கேயும் ஒளிக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்தேன். நாலு நாளில் காய்ந்து கல்லாகிவிட்டது.

சார்ட்டை ஒழுங்காக நிரப்பினேன். ஒரே பேனாவால் போட்டால் நன்றாக இருக்காது என்று மூன்று பேனா வைத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் என்று காலியாக விட்டேன். ஒரு வேலையைச் செய்தால் உருப்படியாகச் செய்ய வேண்டும்.

பிசியோதான் பாவம், தலையைப் பிய்த்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் மிளகின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒழுங்காப் பண்றீங்கதானே சார்?" என்று கேட்டார். நான் சார்ட்டை நீட்டினேன். "மாமா வலிக்காமப் பாத்துப்பாரு" என்று மிளகு எனக்குச் சான்றிதழ் கொடுத்தாள். எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. ஆனால் பெரியவர்கள் குழந்தை சொல்வதில் பாதியைத்தான் கேட்கிறார்கள். பிசியோ அவள் தலையைத் தடவிவிட்டுப் பயிற்சியை நாலு முறையாக்கினார். சார்ட்டில் ஒரு கட்டம் கூடியது.

பிறகு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். நரம்பில் ஏதாவது இருக்குமோ, மூட்டு வாதமோ என்று சந்தேகம். ஒன்றும் இல்லை. அக்கா ஒரு நாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் கூட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுடா. வேலை வேலைன்னு ஓடி என் பொண்ணு கையைத் தொலைச்சுட்டேன்."

"உன் தப்பு ஒண்ணுமில்லக்கா" என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் சொன்ன சுத்தமான உண்மை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாவது வாரம் மிளகுக்கு மயக்க மருந்து கொடுத்து, அவள் தூக்கத்தில் இருக்கும்போது இறுகிய விரல்களை எலும்பு டாக்டர் வளைத்துவிட்டார். அறைக்கு வெளியே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து, நன்றாக வளைந்துவிட்டது, ஆனால் அடுத்த இரண்டு நாள் உயிர் மாதிரி, மணிக்கொரு முறை மடக்கி நீட்ட வேண்டும், இல்லையென்றால் முன்பைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும் என்றார். அக்காவுக்கு அன்றும் மறுநாளும் லீவு கிடைக்கவில்லை. ராத்திரிகூடக் குழந்தையை என்னிடமே விட்டாள்.

அந்த இரண்டு நாளும் தாங்கியை நான் கழற்றவில்லை.

மிளகுக்குக் கதை படித்துக் காட்டினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள், "மாமா, டாக்டர் மடக்கச் சொன்னாரே" என்றாள். "வீங்கியிருக்கு இல்ல, வீக்கம் போகட்டும்" என்றேன். சரி என்றாள். அவள் என்னை நம்புவாள். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் பல்லு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மனிதர் தன் கிளினிக்கில், பல் செய்கிற பொருளை வைத்து, நாற்பத்தொரு மடிப்புக் குப்பையப்பனுக்குச் சின்னச் சின்னப் பிடிகள் செய்துகொண்டிருந்திருக்கிறார். அரிசி அளவு முளைகள் மேல் மாட்டிக்கொள்ளலாம். பலம் இல்லாத விரலாலும் இழுக்கலாம். விவாதத்தில் ஜெயிக்கவா என்றால், இல்லை. அந்தக் குழந்தை "எனக்கு வரல" என்று சொன்னது அவரைத் தூங்கவிடவில்லையாம். அவ்வளவு இளகிய மனசு உள்ளவர் எப்படிப் போலி நெஞ்சை ஆதரிக்கிறார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

விவாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சோபாக் கடைக்கு மேலே இருந்த ஹாலில். நூற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் நிரம்பி, சிலர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். விநியோக நிறுவனத்திலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் இருந்தாள். மகளை மேடையில் பார்க்க ஆசை.

நான் இருபது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன். போலி நெஞ்சைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசியில் மிளகை அழைத்து, மேஜை முன்னால் உட்காரவைத்து, தாங்கியைக் கழற்றினேன். ஒன்பது மடிப்பை அவள் கையில் கொடுத்தேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளால் அதையும் மாற்ற முடியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் அசையவே இல்லை, நடுவிரல் பாதிதான் வந்தது. லாரி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் இழுத்து, கடைசி மடிப்பைப் பல்லால் கடித்து எடுத்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்பது மடிப்பு ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பல்லு தன் பெட்டியோடு மேடையேறினார். மைக்கைப் பிடித்து, எனக்கு வாதாட ஒன்றும் இல்லை, பாப்பாவுக்கு ஒரு பரிசு மட்டும் என்றார். அவள் முன்னால் மண்டி போட்டு, பிடிகள் மாட்டிய நாற்பத்தொரு மடிப்பை வைத்தார். மைக்கைப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தார். அணைக்கவில்லை.

"இது இப்ப உனக்கு வருமான்னு பாரு கண்ணு. மெதுவாப் பண்ணலாம்."

"இது எனக்குத் தெரியும் டாக்டர். நான் முன்னாடியே மாத்தியிருக்கேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

"விழறதுக்கு முன்னாடியா?"

"இல்ல. கட்டுப் பிரிச்சு மூணு வாரத்துல. அப்போ சுண்டு விரல் மடங்கும்."

பல்லு அவள் கையைத் தன் கையில் எடுத்துப் பார்த்தார். பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே. சுண்டு விரலை மெல்ல மடக்கிப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் மடங்கல?"

"எக்சர்சைஸ் நிறுத்திட்டோம். வலிக்கும்ல. மாமாவுக்கு நான் அழுதாத் தாங்காது."

ஹாலில் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் நல்ல தரமானவை. கடைசி வரிசைவரை கேட்டது.

அக்கா எழுந்தாள். அவசரப்படவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் வழி கேட்டு வழி கேட்டு வந்தாள். மேடையேறி மிளகைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுக் குழந்தை, கனம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சார்ட்டுல டிக் அடிச்சிருந்தியேடா" என்றாள். அவ்வளவுதான். கேள்வி கேட்பதுபோல்கூட இல்லை.

அவள் படியிறங்கிப் போகும்வரை யாரும் அசையவில்லை. பல்லு மண்டி போட்டபடியே இருந்தார். எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லையே என்று தோன்றியது. மைக்கை எடுத்து, விஷயத்துக்கு வருவோம், வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்கிற சத்தம்தான் கேட்டது. பல்லு எழுந்து, மேஜையில் இருந்த இரண்டு குப்பையப்பனையும் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கை ஓங்குவார் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன்.

"குழந்தையோட பிசியோ நம்பர் குடுங்க சார்" என்றார். கொடுத்தேன். அந்த நம்பரிலிருந்துதான் விஷயம் உங்கள்வரை வந்திருக்கிறது.

நேற்று நீங்கள் மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் நான் பொம்மையைப் பற்றியே பேசியதாகச் சொன்னீர்கள். இப்போது நேராகவே எழுதுகிறேன். ஆமாம், அறுபத்து மூன்று நாள் பயிற்சியை நிறுத்தினேன். ஆமாம், சார்ட்டில் பொய்யாக டிக் போட்டேன். அவள் விரலை வளைத்துவிட்ட பிறகு வந்த இரண்டு நாளும் வேண்டுமென்றேதான் கட்டி வைத்தேன். இப்படிச் செய்தால் கை இறுகிவிடும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பிசியோ தெளிவாகத்தான் சொன்னார். இனி அறுவை செய்தாலும் அந்த இரண்டு விரலும் பாதிக்கு மேல் வராது என்று இப்போது சொல்கிறார்களாம். அவள் இடது கையால் எழுதப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னைப் பார்க்க விடுவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பல்லு தன் கிளினிக்கை மூடிவிட்டுப் போய் அவளைப் பிசியோவிடம் கூட்டிப் போகிறாராம். பொம்மையை மடக்கி மடக்கிப் பழகுகிறார்களாம். எந்தப் பொம்மை என்று நான் விசாரிக்கவில்லை.

என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இந்த நாலு மாதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி போன வாரம்தான் வந்தது. மன்றத்தில் இவ்வளவு கலாட்டா ஆனதால் விநியோக நிறுவனம் இரண்டு வடிவத்தையும் கைவிட்டுவிட்டதாம். பதினைந்தாம் வருடக் குப்பையப்பன் மாறவே மாறாதாம். லாரியும் ஆகாது, கை கால்கூட மடங்காது. சும்மா அலமாரியில் நிற்கிற சிலை. அதை எத்தனை குழந்தைகள் ஆசையாகக் கையில் எடுத்து, இழுத்துப் பார்த்து ஏமாறப் போகிறார்கள் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா? குழந்தைகள் மேல் இங்கே ஒருவருக்கும் அக்கறை இல்லை.